ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும் பிள்ளை

(மாதர் பிரிவுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், வீடு, காணி என்று பேசும் மேடையில் இன்று நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். எழுத்து வராத பிள்ளையை "மக்கு", "சோம்பேறி" என்று சொல்லி, எட்டாம் ஒன்பதாம் தரத்தோடு நிறுத்தி, கொழும்புக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்புவது தோட்டங்களில் இன்னும் நடக்கிறது. அப்படிப் போகும் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது சோம்பல் அல்ல, கற்றல் இடர்ப்பாடு.

அதில் ஒன்றுக்கு டிஸ்பிராக்ஸியா என்று பெயர். கை கால்களில் ஊனம் கிடையாது, புத்தியிலும் குறைவில்லை. ஆனால் மனம் நினைப்பதைக் கையும் காலும் ஒழுங்காகச் செய்து முடிப்பதில் சிக்கல். சட்டைப் பொத்தான் போட, சப்பாத்து நாடா கட்ட வெகு நேரம் எடுக்கும். பீலியிலிருந்து தண்ணீர் கொண்டு வந்தால் பாதி சிந்தும். பந்து கையில் நிற்காது. கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் ஆசிரியர் அழித்துவிடுவார். அதே பிள்ளையிடம் பாடத்தை வாயால் கேட்டால் சரியாகச் சொல்லும்.

இது அபூர்வமானதா? இல்லை. பாடசாலை வயதுப் பிள்ளைகள் 100 பேரில் 5, 6 பேருக்கு இது இருப்பதாக மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. 30 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவர் அல்லது இருவர். 400 பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் 20 பேருக்கு மேல். வாசிப்பதில் தடங்கல் தரும் டிஸ்லெக்ஸியா 100க்கு 5 முதல் 10 பேருக்கு இருக்கிறது. கணக்கில் மட்டும் தடுமாறுவோர், ஒரு இடத்தில் உட்கார்ந்து கவனிக்க முடியாதோர் வேறு. ஒரே பிள்ளைக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தும் வரும். ஆண் பிள்ளைகளிடம் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. அமைதியாக மூலையில் இருக்கும் பெண் பிள்ளை பலர் கண்ணிலும் படாமலே போய்விடுகிறாள்.

இது புதிதாக வந்த வியாதியும் அல்ல. 1896ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்ற வைத்தியர், 14 வயதான கெட்டிக்காரப் பையன் ஒருவனுக்கு வாசிப்பு மட்டும் வராததைப் பற்றி மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். நூறு வருடங்களுக்கு மேல் தெரிந்த விஷயம் நம் லயத்துக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

தாய்மார்களே, இதற்குக் காரணம் உங்கள் வளர்ப்பு அல்ல. செய்வினையும் அல்ல, கிரகக் கோளாறும் அல்ல. சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். குறைமாதத்தில் பிறந்த, நிறை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்கு டிஸ்பிராக்ஸியா வரும் வாய்ப்பு அதிகம். நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நகரத்தையும் கிராமத்தையும் விடத் தோட்டப்புறத்தில் கூட. ஆகவே கர்ப்பிணித் தொழிலாளியின் சாப்பாடும் ஓய்வும் கூடத் தொழிற்சங்க விஷயமே.

இந்தச் சிக்கல் பலருக்கு வளர்ந்த பின்னும் தொடர்கிறது. இரண்டு கையாலும் வேகமாகக் கொழுந்து எடுக்க வேண்டிய மலையில், எவ்வளவு முயன்றும் கிலோ சேராத தொழிலாளி இருக்கிறார். அவருக்கு அரைப்பேர் போடுமுன், அவரைப் பார்த்துச் சிரிக்குமுன், இதையும் யோசிக்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பிள்ளையின் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியாக இருந்தும் தடுமாற்றம் தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரியிடமோ சொல்லி, பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். முழுதாக மாற்றும் மருந்து கிடையாது. ஆனால் ஒரு வேலையைச் சிறு சிறு படியாகப் பிரித்து, தினமும் கொஞ்ச நேரம் பழக்கினால் பிள்ளை முன்னேறும். எழுத மேலதிக நேரம் கொடுத்தால், வாயால் பதில் சொல்ல விட்டால், அதன் திறமை வெளியே வரும். அடித்தால் வராது. பாடசாலையில் அடிக்கக் கூடாதென்று கல்வி அமைச்சின் சுற்றுநிருபமே இருக்கிறது. 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது நாட்டின் சட்டம்.

தோழர்களே, நாம் கேட்க வேண்டியவையும் உண்டு. தோட்டப் பாடசாலைகளுக்கு விசேட கல்விப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். ஆஸ்பத்திரியில் தாய் சொல்வதைத் தமிழில் கேட்க ஆள் வேண்டும். பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் நாளில் தாயின் பேர் வெட்டப்படக் கூடாது. ஒரு நாள் சம்பளத்துக்கும் பிள்ளையின் எதிர்காலத்துக்கும் நடுவில் ஒரு தாயை நிறுத்துவது நியாயமல்ல.

ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தலைவியும் தங்கள் டிவிசனில் இடைவிலகிய பிள்ளைகளின் பெயர்களை எடுத்து, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கு முதலில் போவோம். அங்கிருந்து வேலையைத் தொடங்குவோம்.