வெள்ளிக்கிழமை வயிற்றுவலி

(குறுவள மையக் கூட்டமொன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கிலம் கற்பித்தல் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஆங்கிலம் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறீர்கள். ஆங்கில பயம் பற்றி என்றால் எனக்கும் கொஞ்சம் தகுதி உண்டு. அதில் முப்பது ஆண்டு அனுபவம்.

நான் நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. ஏழாம் வகுப்பில் ஒருநாள் ஆங்கிலப் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். ‘தீவு’ என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொல்லை, எழுத்தைப் பார்த்து ‘இஸ்லாண்ட்’ என்று வாசித்தேன். அது ‘ஐலண்ட்’ என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். அந்த ஆண்டு முழுக்க ‘இஸ்லாண்ட்’ என்பதே என் பட்டப்பெயர். ஆங்கிலப் பாடவேளை வந்தால் எனக்கு வயிறு வலிக்கும்.

பிறகு பி.ஏ. ஆங்கிலமே படித்தேன், பி.எட். முடித்தேன், ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியராகவும் ஆனேன். இதில் என்ன பயம் என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தை எழுதித் தேறியவள் நான், பேசித் தேறியவள் இல்லை. என் வகுப்பு எப்படி நடந்தது தெரியுமா? பாடத்தை வாசிப்பேன், தமிழில் பொருள் சொல்வேன், வினா விடையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். பாடவேளை முழுக்க ஆங்கிலம் பலகையிலிருந்து நோட்டுக்குப் போனது. யார் வாய்க்கும் வரவில்லை. பணியிடைப் பயிற்சியில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று தெரிந்த நாளில், தற்செயல் விடுப்பு எடுத்திருக்கிறேன். இதை இன்று வெளிப்படையாகச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை மட்டும் வாசிப்புக்கு வைத்திருந்தேன். வருகைப் பதிவேட்டு வரிசையில் ஒவ்வொருவராக எழுந்து வாசிக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை வெள்ளிக்கிழமைகளில் வருவதே இல்லை. ஒருநாள் அவளுடைய அம்மா வந்தார். “வெள்ளிக்கெழமயானா வவுத்த வலிக்குதுங்குறா டீச்சர். ஆஸ்பத்திரியில காமிச்சா ஒண்ணுமில்லங்குறாங்க” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வயிற்றுவலியை எனக்கு நன்றாகத் தெரியும். நான் அவளைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை. ஆனால் அவள் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் நிறுத்தித் திருத்தினேன். மற்ற பிள்ளைகள் சிரித்தபோது கையில் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தேன். சிரிப்பைத் தடுக்காததும் சிரித்ததற்குச் சமம்தானே?

இந்த அச்சம் ஆராயப்பட்ட விஷயம்தான். 1986-இல் ஹார்விட்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் இருவரும் சேர்ந்து, அயல்மொழி வகுப்பில் ஏற்படும் அச்சத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். பேசுவதில் அச்சம், தேர்வு அச்சம், மற்றவர்கள் நம்மைக் குறைவாக மதிப்பார்களோ என்ற அச்சம் என்று மூன்று விதமாக அதைப் பார்த்தார்கள். மூன்றாவதுதான் என் வகுப்பில் இருந்தது. பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் பயப்படவில்லை, சிரிப்புக்குப் பயந்தார்கள்.

அடுத்த திங்கள்கிழமை பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. ‘இஸ்லாண்ட்’ கதையைச் சொன்னேன். “டீச்சரையா சிரிச்சாங்க?” என்று ஒரு பையன் கேட்டான். “இனிமேல் நானும் உங்களோடு ஆங்கிலம் பேசப் போகிறேன். எனக்கும் தப்பு வரும். சந்தேகம் வந்தால் அகராதியைப் பார்ப்போம். யார் தப்புக்கும் யாரும் சிரிக்கக் கூடாது” என்றேன். மேசைமேல் ஓர் அகராதியை வைத்தேன்.

பிறகு, “உங்கள் வீட்டில் பேசும்போது காதில் விழும் ஆங்கிலச் சொற்களைச் சொல்லுங்கள்” என்றேன். என் வகுப்பில் பல பிள்ளைகளின் அப்பாக்கள் சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஷிப்ட், ஓவர்டைம், ஹெல்மெட், கேண்டீன், பம்ப், பாய்லர், கன்வேயர், பெல்ட், பிரேக்டவுன், பக்கெட் வீல் என்று வந்துகொண்டே இருந்தன. பலகை நிறைந்துவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து மெல்லிய குரலில், “ஸ்ப்ரெடர்” என்று கேட்டது. அந்த வெள்ளிக்கிழமைப் பிள்ளை. எனக்கு அந்த இயந்திரம் தெரியாது. “அப்படின்னா?” என்றேன். “தோண்டுன மண்ணு பெல்ட்ல வரும்ல டீச்சர், அத அந்தப் பக்கம் கொட்டிப் பரப்புற மிஷினு. எங்கப்பா அங்கதான் இருக்காரு” என்றாள். எனக்குத் தெரியாத ஓர் ஆங்கிலச் சொல்லை அன்று அவள் எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.

நம் ஊர் வரலாற்றையும் நினைத்துப் பாருங்கள். 1957-இல் இங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். பெரிய இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. முதல் அனல்மின் நிலையம் சோவியத் ஒத்துழைப்போடு எழுந்தது. சுற்றுவட்டாரத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து வேலைக்குப் போனவர்கள் இந்தச் சொற்களை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. கை வேலையைப் பழகியது, வாய் சொல்லைப் பழகியது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத்தான் நாம் ‘ஆங்கிலம் வராத பிள்ளைகள்’ என்கிறோம்.

அந்தச் சொற்களிலிருந்தே வாக்கியத்துக்குப் போனோம். “மை ஃபாதர் ஒர்க்ஸ் இன் நைட் ஷிப்ட்.” முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது, பிறகு நான்கு பேர் குழுவில், அதன்பிறகுதான் வகுப்பின் முன்னால். ஒரு பையன் “மை ஃபாதர் கோ நைட் ஷிப்ட்” என்றால், “தப்பு” என்று சொல்ல மாட்டேன். “ஓ, யுவர் ஃபாதர் கோஸ் ஃபார் நைட் ஷிப்ட்?” என்று திருப்பிக் கேட்பேன். திருத்தம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

இன்னும் இரண்டு செய்திகள் எனக்குப் பெரிதும் உதவின. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை என்று கண்டார். மூன்று நொடி காத்திருந்தால் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். நான் மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணத் தொடங்கினேன். செய்து பாருங்கள், அந்த மூன்று நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும். இன்னொருவர் ஜேம்ஸ் ஆஷர். முதலில் கேட்டுச் செய்யட்டும், பேச்சு பிறகு வரட்டும் என்றார். அதனால் “ஸ்டாண்ட் அப்”, “டச் தி டோர்”, “கிவ் ஹெர் தி சாக்” என்று ஐந்து நிமிடம் விளையாடிவிட்டுத்தான் பாடம். வாய் திறக்காத பிள்ளையும் இதில் கலந்துகொள்ளலாம்.

நானும் மாற வேண்டியிருந்தது. பெங்களூரில் 1963-இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஆங்கில மண்டல நிறுவனம் இருக்கிறது. அதன் முப்பது நாள் பயிற்சியை இரண்டு முறை தட்டிக் கழித்தவள், மூன்றாம் முறை போனேன். பக்கத்து மாநில ஆசிரியர்களும் வந்திருந்தார்கள். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவர்களுக்குத் தெரியாது. சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்கக்கூட ஆங்கிலம்தான். மூன்றாம் நாள் இரவு, என் அறைத் தோழி தயங்கித் தயங்கி, தனக்கும் ஆங்கிலம் பேசப் பயம் என்று சொன்னார். அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னார்! இருவரும் வெகுநேரம் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதே வகுப்பில் ஒரு பையன் ஆண்டு முழுக்கத் தலையை மட்டும் ஆட்டினான். அவனிடம் நான் எதைச் செய்யத் தவறினேன் என்று இன்றும் யோசிக்கிறேன். அந்தப் பெண் பிள்ளை அரையாண்டுக்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வரத் தொடங்கினாள். பிப்ரவரியில் ஒருநாள், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் இரண்டு செய்தி வாசித்தாள். ஒரு சொல்லைத் தவறாகத்தான் உச்சரித்தாள். நிறுத்தவில்லை, தொடர்ந்து வாசித்து முடித்தாள். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் உங்கள் ஆங்கிலப் பாடவேளையில், வாசிக்கும் பிள்ளையை மட்டும் பார்க்காமல் மற்ற பிள்ளைகளின் முகங்களையும் பாருங்கள். யார் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்புக்கு முன்னால் நாம் என்ன செய்கிறோம் என்று கவனியுங்கள். அதைச் சரிசெய்துவிட்டால், பாடம் தொடங்கப் பயம் இருக்காது. பிள்ளைகளுக்கும் இருக்காது, நமக்கும் இருக்காது.