உங்கள் உடலுக்கு ஏற்ற மலை மிதிவண்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

(கிள்ளானில் பெண்களுக்கான சுகாதார விளக்கக் கூட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு வாசலில் ஓட்டாத சைக்கிள் ஒன்று நிற்கிறதா? ஆசையாய் வாங்கி, நான்கு வாரம் ஓட்டி, இப்போது அதன் மேல் துணி காய்கிறதா? ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: “முட்டி வலிக்குது, கை மரத்துப்போகுது. நமக்கு வயசாயிடுச்சு.”

எல்லா வலிக்கும் வயது காரணமல்ல. பல வேளைகளில் சைக்கிளின் அளவுதான் காரணம். இன்று நான் சொல்ல வந்ததும் அதைத்தான். சைக்கிளுக்கு ஏற்ப நீங்கள் உடலை வளைக்க வேண்டாம். உங்கள் உடலுக்கு ஏற்ப சைக்கிளைத் தேர்ந்தெடுங்கள்.

இது ஏன் முக்கியம்? 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோயுறுதல் ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அப்போது நம்மில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் சைக்கிள் ஓட்டினாலே அந்தக் கணக்கு நிறைந்துவிடும். ஆனால் வலிக்கிற சைக்கிளை யாரும் ஐந்து நாள் தொடமாட்டார்கள்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், விலைக்கழிவு என்று ஒரு மலை மிதிவண்டி வாங்கினேன். என் உயரம் 154 சென்டிமீட்டர். “கொஞ்சம் பெருசுதான், ஓட்ட ஓட்டப் பழகிடும்” என்றார் கடைக்காரர். பழகவில்லை. ஒரு நாள் மேட்டில் சைக்கிள் நின்றுவிட்டது. காலைத் தரையில் ஊன்றப் பார்த்தேன், எட்டவில்லை. பக்கவாட்டில் விழுந்ததில் மணிக்கட்டு வீங்கி, மூன்று வாரம் சட்டி தூக்க முடியவில்லை. பிறர் உடலின் அளவுகளைப் பார்ப்பதே என் தொழில். என் அளவை மட்டும் நான் பார்க்கவில்லை.

நீங்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம். கடைக்குப் போகும்போது, ஓட்டும்போது போடுகிற அதே காலணியைப் போட்டுக்கொண்டு போங்கள். பின்வரும் ஆறு சோதனைகளைச் செய்யுங்கள். கடையில் இருப்பவர் அவசரப்படுத்தினால் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

முதல் சோதனை, நிற்பது. சைக்கிளின் மேல் பாரை இரு கால்களுக்கும் நடுவில் விட்டு, இரு பாதங்களையும் தரையில் முழுமையாக ஊன்றி நில்லுங்கள். பாருக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். காட்டுப் பாதையில் திடீரென இறங்க நேரும்போது உங்களைக் காப்பது அந்த இடைவெளிதான். 150 முதல் 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் எக்ஸ்எஸ் அல்லது எஸ் அளவு பொருந்தும். ஆனால் எஸ் என்பது எல்லா நிறுவனத்திலும் ஒரே அளவல்ல. எழுத்தை நம்பாமல் ஏறி நின்று பாருங்கள்.

இரண்டாவது, சீட்டின் உயரம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தை வைத்தால் முட்டி இலேசாக மடிந்திருக்கும். அதுவே சரியான உயரம். சீட் மிகவும் தாழ்ந்திருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். மிகவும் உயர்ந்திருந்தால் முட்டியின் பின்பக்கம் இழுக்கும். இடுப்பும் இடம் வலமாக ஆடும். செங்குத்தான இறக்கத்தில் மட்டும் சீட்டைச் சில சென்டிமீட்டர் தாழ்த்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, சீட்டின் அகலம். இதைப் பற்றிப் பேசப் பெண்கள் கூச்சப்படுகிறோம். கூச்சம் வேண்டாம். நாம் உட்காரும்போது உடல் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்புகள். சீட் குறுகலாக இருந்தால் அந்த எடை மென்மையான பகுதியில் விழும். எரிச்சலும் மரத்துப்போதலும் வரும். வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். அட்டைப்பெட்டியின் அட்டை ஒன்றைக் கடினமான நாற்காலியில் போட்டு, சற்று முன்னால் சாய்ந்து ஒரு நிமிடம் உட்காருங்கள். இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையேயான தூரத்தைவிட 2 அல்லது 3 சென்டிமீட்டர் அகலமான சீட் உங்களுக்கு ஏற்றது. மெத்தென்று தடித்த சீட்தான் நல்லது என்று எண்ணாதீர்கள். அகலம் சரியாக இல்லாவிட்டால் பஞ்சு உதவாது. சீட்டின் முனை மேல்நோக்கியும் இருக்கக் கூடாது.

நான்காவது, எட்டும் தூரம். ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது முழங்கை இலேசாக மடிந்திருக்க வேண்டும். கை விறைத்து நீண்டு, தோள் காதை நோக்கி ஏறினால் சைக்கிள் உங்களுக்கு நீளம். கழுத்து வலியும் விரல் மரத்துப்போவதும் இதனால் வரும். சிறிய வித்தியாசம் என்றால் ஸ்டெம்மை மாற்றிச் சரிசெய்யலாம். பெரிய வித்தியாசம் என்றால் வேறு சைக்கிளைப் பாருங்கள்.

ஐந்தாவது, பிரேக். ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே பிரேக்கை எட்டி அழுத்த முடிகிறதா? பல பிரேக்குகளில் அதைக் கைக்கு அருகே கொண்டுவர ஒரு சிறு திருகாணி உண்டு. சில நிமிட வேலைதான். ஆனால் கேட்டால்தான் செய்து தருவார்கள்.

ஆறாவது, முன்பக்க சஸ்பென்ஷன். காற்று நிரப்பும் வகையாக இருந்தால், உங்கள் எடைக்கு ஏற்பக் காற்றைக் குறைக்கச் சொல்லுங்கள். 100 மில்லிமீட்டர் அசையக்கூடிய சஸ்பென்ஷன், நீங்கள் ஏறி நின்றதும் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இறங்க வேண்டும். கனமானவருக்காக நிரப்பிய காற்றோடு எடை குறைந்தவர் ஓட்டினால் அது அசையவே அசையாது. கல்லின் அதிர்ச்சி முழுவதும் உங்கள் மணிக்கட்டுக்கு வரும்.

“பெண்களுக்கென்று தனி சைக்கிள்தான் வாங்க வேண்டுமா?” என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜினா டெர்ரி, பெண்களுக்கான சைக்கிள் செய்யும் நிறுவனத்தை 1985இல் தொடங்கினார். அந்நாளில் கடைகளில் கிடைத்தவை சிறிய உருவம் கொண்ட பெண்களுக்குப் பொருந்தவில்லை என்பதே காரணம். இன்று சிறிய அளவுகள் எளிதாகக் கிடைக்கின்றன. பெண்கள் எல்லாரும் ஒரே அளவில் இல்லை. ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடல் நீளம். ஆகவே சைக்கிளின் நிறத்தையும் பெயரையும் பார்க்காதீர்கள். ஆறு சோதனையிலும் தேறுகிறதா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் நடந்ததையும் நினைவூட்டுகிறேன். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிள் பயிற்சியையும் இணைத்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் அதில் இறங்கினர். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளை ஓட்டினர். முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கிடைத்ததை வைத்தே அவர்கள் சாதித்தார்கள். தேர்ந்தெடுக்கும் வசதி நமக்கு இருக்கிறது. அதை விட்டுவிடலாமா?

வாங்கிய உடனே புக்கிட் கியாராவின் காட்டுப் பாதைக்குப் போய்விடாதீர்கள். சமமான, வாகனம் குறைந்த இடத்தில் முதல் சில வாரம் பழகுங்கள். அங்கே ஓட்டும்போது எங்கே வலிக்கிறது என்று கவனித்து, ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தலைக்கவசம் இல்லாமல் ஏறாதீர்கள். துப்பட்டாவையும் தளர்ந்த கால்சட்டையையும் சங்கிலியில் சிக்காதபடி கட்டிக்கொள்ளுங்கள்.

இன்சுலினோ இனிப்புநீர் மாத்திரையோ எடுப்பவர்கள், தொடங்குமுன் உங்கள் சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரிடம் கேளுங்கள். பையில் தண்ணீரும் மிட்டாயும் இருக்கட்டும். நடுக்கம், திடீர் வியர்வை, மயக்கம் வந்தால் உடனே நிறுத்தி மிட்டாயைச் சாப்பிடுங்கள். வீடு திரும்பியதும் பாதங்களில் காயம் உள்ளதா என்று பாருங்கள். சைக்கிளைச் சரிசெய்த பிறகும் வலியோ மரத்துப்போவதோ தொடர்ந்தால், பொறுத்துக்கொண்டு ஓட்டாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் அந்தத் துணிகளை எடுத்துவிட்டு, முதல் சோதனையைச் செய்து பாருங்கள். ஒருவேளை சீட்டை இரண்டு விரற்கடை உயர்த்தினாலே போதுமாக இருக்கலாம். அளவு அறவே பொருந்தாவிட்டால், பொருந்துகிற ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டு, உங்களுக்கு ஏற்றதைத் தேடுங்கள்.