பொம்மைக்குள் ஒரு துணை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மின்னணுப் பொம்மை என்றதும் குழந்தைகள் விளையாட்டுத்தானே என்று எண்ணிவிட வேண்டா. விலங்குகளை உள்ளே விட இயலாத மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருப்போர்க்குத் துணையாக ஒரு பொம்மை ஆக்கும் பணியை, ஜப்பானிய அறிஞர் தக்கனோரி சிபட்டா 1993ஆம் ஆண்டில் தொடங்கினார்.

முதலில் பூனை வடிவில் மாதிரி செய்து பார்த்தார். பூனையை அறியாதார் யார்? தொட்டவர்கள் உண்மைப் பூனையோடு ஒப்பிட்டுக் குறை கண்டனர். பின்னரே, பலரும் நேரில் பழகியிராத கடல்நாய்க் குட்டியைத் தேர்ந்தார். ஒப்பிடவும் வழியில்லை, குறை கூறவும் வழியில்லை! 'பாரோ' என்னும் அப்பொம்மை 2005இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

எடை ஏறத்தாழ 2.7 கிலோகிராம்; பிறந்த குழந்தையை ஏந்துவது போலிருக்கும். மென்மயிரின் அடியில் தொடுகையை உணரும் கருவிகள் உள்ளன. வருடினால் இமைக்கும், தலை திருப்பும், குரல் கொடுக்கும். அடித்தால், சற்றுமுன் செய்ததைத் தவிர்க்க முயலும். மின்னூட்டும் கருவியோ குழந்தையின் சூப்பான் வடிவம். அதை வாயில் வைத்துவிட்டால் போதும். அந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடித்தது.

2009இல் அமெரிக்காவில் அது மருத்துவக் கருவிகளின் வரிசையில் இடம்பெற்றது. எனினும், பொம்மையைக் கொடுத்து முதியோரை ஏமாற்றலாமா என வினவுவோர் உளர். நியாயமான வினாவே. நம் குடியிருப்பில் பிள்ளைகள் அலுவலகம் சென்றபின், அயல்மொழி ஊரில் பகலெல்லாம் தனித்திருக்கும் பாட்டிமார் எத்தனை பேர்! பாரோவுடன் பழக இந்தி வேண்டா. ஆனால், "அப்புறம் என்ன ஆயிற்று, பாட்டி?" என்று கேட்க அதற்குத் தெரியாது.