மருந்தும் அதன் வாகனமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புகைவண்டியே ஓடாத இத்தீவுகளில் ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். மெட்ரிகுலேஷன் அளவே படித்த யாம் விஞ்ஞானம் பேசத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. சரக்கைக் கட்டுதல், சீட்டு ஒட்டுதல், பழுதின்றி ஊர் சேர்த்தல் ஆகியனவே எம் தொழில். இன்றைய மருத்துவத்தின் பெருஞ்சிக்கலும் அதுவேயாம்.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆயது. அவை செய்யவேண்டிய பணிக்குரிய கட்டளை மரபணுக்களில் அடங்கியுள்ளது. கட்டளையில் பிழை நேரின் நோய் வரும். திருத்திய கட்டளையை எழுத அறிஞர்கள் கற்றுவிட்டனர். அதனை உயிரணுவினுள் சேர்ப்பது எங்ஙனம்? வெறுமனே குருதியில் விட்டால் உடல் விரைவில் சிதைத்துவிடும். ஆகவே வாகனம் வேண்டும்.

வாகனம் இருவகை. ஒன்று, தீங்கு நீக்கிய வைரஸ். 2021இல் நாம் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு, சிம்பன்சிக் குரங்கின் வைரஸ் ஒன்றில் ஏற்றிய மரபணுவே. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 800 கிலோமீட்டர் கடலில் சிதறிய இத்தீவுகளில், அவ்வூசி ஒன்றையே கொண்டு 18 வயது நிறைந்தோர் அனைவர்க்கும் இரு தவணையும் இட்டு முடித்ததாக அவ்வாண்டு டிசம்பரில் நிர்வாகம் அறிவித்தது. 2 முதல் 8 டிகிரி குளிர் அதற்குப் போதுமானதாயிருந்தது பேருதவி. எனினும் வைரஸைப் பலமுறை அனுப்பினால் உடல் அடையாளம் கண்டு மறித்துவிடக்கூடும்.

மற்றொன்று கொழுப்பு வாகனம். நால்வகைக் கொழுப்புப் பொருள்கள் கூடி, கட்டளையைப் பொதிந்து நுண்துகளாகின்றன. அதன் பருமன் மயிரிழையில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. உயிரணு அதனை விழுங்கி ஒரு சிறு பையில் அடைக்கின்றது. அப்பையில் புளிப்பு ஏறுகின்றது. புளிப்புப் பட்டதும் துகளிலுள்ள ஒரு கொழுப்பு மின்னேற்றம் பெற்று, பையின் சுவரைக் குலைத்துச் சரக்கை வெளியே விடுகின்றது. குருதியில் சாதுவாய் வந்து, உரிய இடத்தில் திறக்கும் இப்பூட்டன்றோ வியப்பு! ஆயினும் ஏற்றிய சரக்கில் சிறு பங்கே இறங்குகின்றது. குருதியில் செலுத்தின், பெரும்பகுதி கல்லீரல் என்னும் ஒரே நிலையத்துக்குத்தான் போகின்றது.

இவ்வாகனத்தில் வந்த முதல் ஆர்.என்.ஏ. மருந்து 2018இல் அனுமதி பெற்றது. 2020இல் ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகள் வந்தன. 2025இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், கல்லீரல் மரபணுப் பிழையோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, அதற்கெனவே செய்த திருத்த மருந்தை இக்கொழுப்பில் பொதிந்து மூன்று தவணை செலுத்தினர். குழந்தை தேறி வீடு திரும்பியது.

நிற்க. இத்தகைய தடுப்பூசி வம்சத்தையே மாற்றிவிடும் என அஞ்சுவாரும் உளர். தடுப்பூசியில் இருப்பது மரபணுவின் தற்காலிக நகலே. அது உயிரணுவின் கருவுக்குள் நுழைவதில்லை. சில நாட்களில் கரைந்துபோம்.

இனி நம் கவலைக்கு வருவோம். ஃபைசர் ஊசி முதலில் வந்தபோது சுழியத்துக்குக் கீழ் 70 டிகிரி குளிர் வேண்டியிருந்தது. அக்குளிரைக் காத்துக் கேம்பெல் பே வரை கொண்டுசெல்வது எளிதோ? மருந்து உலகில் இருந்தும் தீவுக்கு இல்லை என்னும் நிலை வந்திருக்கும். இதற்கு நம் நாட்டிலேயே வழி பிறந்தது. 2022 ஜூனில் அவசர அனுமதி பெற்ற புனேயின் ஜென்னோவா நிறுவனத் தடுப்பூசி, நுண்ணிய கொழுப்புத் துளியில் ஏற்றி, உறைய வைத்து உலர்த்திய பொடி. அதற்குச் சாதாரணக் குளிர்ப்பெட்டியின் 2 முதல் 8 டிகிரியே போதும்.

பெற்றோர்களே, புதுமருந்து வந்தது எனக் கேட்டு மகிழ்வது மட்டும் போதாது. எவ்வளவு குளிரில் வரும், எத்தனை நாள் தாங்கும், கடைசித் தீவுக்கும் எட்டுமா என்று கேட்கப் பழகுவோம். நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் இரசாயனம் பயின்று, வெயிலிலும் கெடாத வாகனம் செய்யட்டும். ஊர் சேராத சரக்கு, அனுப்பாத சரக்கே.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!