குரல் கேட்டுத் திரும்புகிறதா குழந்தை?

(தோட்டத் தாய்மார்களின் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

பொழுது புலருமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையிலோ பாட்டியின் மடியிலோ விட்டுவிட்டுப் பால்வெட்டுக்கு விரைகின்றீர்கள். திரும்பும்பொழுது உச்சி சாய்ந்துவிடுகிறது. ஆகவே, குழந்தை விழித்து விளையாடும் நேரத்தில் அதனருகே இருப்பவர் பெரும்பாலும் பிறரே. பாட்டிமார்களையும் ஆயாமார்களையும் இன்று அழைத்ததற்கு அதுவே காரணம்.

குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் கண்டவர்கள் நம் முன்னோர்கள். 5ஆம் மாதத்தில் செங்கீரை, 9ஆம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி, ஓராண்டை ஒட்டித் தளர்நடையிட்டு வரும் வருகை என்று பிள்ளைத்தமிழ் வரிசைப்படுத்துகிறது. இன்றைய மருத்துவம் கூறுவதும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. 4 மாதத்திற்குள் கழுத்து நிற்க வேண்டும். 9 மாதத்திற்குள் பிடிப்பின்றி உட்கார வேண்டும். 18 மாதம் நிறைந்தும் நடக்கவில்லையாயின் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நடை தாமதித்தால் எவர் கண்ணுக்கும் தெரியும். செவி கேளாமை அவ்வாறன்று. பிறவியிலேயே காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் 'ங்கா' என்று குரல் எழுப்பும். முகம் பார்த்துச் சிரிக்கும். அதனால் வீட்டார் ஐயுறுவதில்லை. 2 வயதாகியும் பேச்சு வராதபோது, "அவன் அப்பனும் இப்படித்தான், மூன்று வயதில் பேசினான்" என்று ஆறுதல் சொல்லிக்கொள்வர். இந்த ஆறுதலை நான் ஒப்புவதற்கில்லை. மொழி மனத்தில் படியும் பருவம் அந்த முதல் ஆண்டுகளே. அவை கழிந்தபின் கருவி கிடைத்தாலும் பேச்சைப் பழக்குவது மிகக் கடினம்.

பிறந்த குழந்தை பேரோசைக்குத் திடுக்கிட வேண்டும். 6 மாதத்தில் ஓசை வரும் பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். 9 மாதத்தில் 'மாமா, பாபா' என்று மழலை அடுக்கும். ஓராண்டில் தன் பெயருக்குத் திரும்பும். 2 ஆண்டில் "பால் வேணும்" என்று இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லும்.

6 மாதத்திற்கு மேற்பட்ட குழந்தையை வீட்டிலேயே ஒருமுறை பார்க்கலாம். ஒருவர் மடியில் குழந்தை அமர்ந்திருக்க, மற்றொருவர் அதன் கண்ணில் படாமல் பின்னே நின்று காகிதத்தை மெல்லக் கசக்க வேண்டும். கைதட்டிப் பார்ப்பதும் தரையில் தட்டைப் போடுவதும் பயனற்றவை. காற்றையும் அதிர்வையும் உணர்ந்தே குழந்தை திரும்பிவிடும். பசியோ தூக்கமோ இருப்பின் மறுநாள் செய்யுங்கள். மாலையில் ஆயாவிடம், "பால் குடித்தானா?" என்று கேட்பதோடு, "கூப்பிட்டால் திரும்புகிறானா?" என்றும் கேளுங்கள்.

ஐயம் தோன்றினால், அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திராமல் அரசாங்க மருந்தகத்துத் தாதியிடம் கூறுங்கள். பிறந்தபோது கடுமையான மஞ்சள் காமாலையோ, பின்னர் மூளைக் காய்ச்சலோ கண்டிருந்தால் அதையும் மறவாமல் சொல்லுங்கள். காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். 9, 12 மாதங்களில் போடப்படும் தட்டம்மைத் தடுப்பூசி செவியையும் காப்பதாகும்.

பிறந்து 1 மாதத்திற்குள் சோதனை, 3 மாதத்திற்குள் நோயறிதல், 6 மாதத்திற்குள் சிகிச்சை என்பதே மருத்துவ உலகம் வகுத்துள்ள முறை. கைக்குழந்தைக்கும் செவிக்கருவி பொருத்தலாம். பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் அந்நாளைத் தவறவிடாதீர்கள். விடுப்பு வேண்டுமென்று கிராணியாரிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.