ரெண்டு பேர்தான் வேலை பார்க்குறாங்க, நமக்கெதுக்கு சட்டம்?

(ராமேஸ்வரம் தெருமுனைக் கூட்டத்தில் பேசியது)

அக்னி தீர்த்தம் பக்கம் சங்கு, பாசி கடை வச்சிருக்கீங்க, ரெண்டு அக்கா வேலை பார்க்குறாங்க. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 உங்களுக்கும் உண்டு.

10 பேருக்குக் குறைவா, அதனால உள்ளகக் குழு இல்லையா? மாவட்ட உள்ளூர்க் குழுகிட்ட 3 மாசத்துக்குள்ள புகார் கொடுக்கலாம். முதலாளி மேலயே புகார்னாலும் அங்கதான்.

வெளியூர்லருந்து வந்த கஸ்டமர் சீண்டினா, 'சீசன் நேரம், விடும்மா'ன்னு அந்த அக்காவைத்தானே அடக்குறோம்? கடைக்கு வர்றவங்ககிட்டருந்து பாதுகாக்குறதும், போலீசுக்குப் போக உதவுறதும் முதலாளி கடமைன்னு சட்டமே சொல்லுது.

(2021 திருத்தப்படி உட்கார ஸ்டூலும் போடணும், மறந்துடாதீங்க!)

மாவட்ட சமூகநல அலுவலகத்துல குழு விவரம் கேட்டு, கல்லாப் பக்கத்துல ஒட்டிடுங்க.