யோகப் பயிற்சியும் அவரவர்க்கேற்ற முறையும்

(இலுப்பூரில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

 யோகத்தைப்பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தனர். யாம் யோகியுமல்லேம்; மருத்துவருமல்லேம்; பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியரேம். இப்பொருளைப்பற்றிப் பேசுதற்கு எமக்குள்ள தகுதி இரண்டே. ஒன்று, நூல்களைப் புரட்டிய பழக்கம். மற்றொன்று, தவறாகத் தொடங்கித் துன்புற்ற அநுபவம். பின்னதே பெரிதென்க.

வருகின்ற தைத் திங்கள் முதல் நமது சங்கக் கட்டடத்திற் காலைதோறும் யோக வகுப்பு நடத்துவதெனச் செயற்குழுவினர் தீர்மானித்திருக்கின்றனர். இது மிகவும் மகிழ்தற்குரியது. ஆயினும், "அனைவர்க்கும் ஒரே வகுப்பு, ஒரே முறை" என்னும் தொடரொன்று அத்தீர்மானத்திற் காணப்படுகின்றது. அத்தொடரைப்பற்றியே யாம் இன்று சிறிது விண்ணப்பித்துக்கொள்ள விரும்புகின்றோம்.

முதலில் எம் கதையைக் கூறுவாம். எமக்கு நாற்பத்தோராம் ஆண்டு நடந்தபொழுது முதுகு நோவு கண்டது. நாள்தோறும் கரும்பலகைமுன் ஐந்து மணி நேரம் நிற்பதும், இரவிற் குனிந்திருந்து விடைத்தாள் திருத்துவதுமாகிய வாழ்க்கைக்கு அஃது இயல்பே. யோகஞ் செய்தால் நீங்குமென்று நண்பர் கூறினர். ஆசிரியர் ஒருவரை நாடாமல், கைப்பேசியிற் காட்டப்பெறும் காட்சிகளையே ஆசானாகக் கொண்டோம். அவற்றில் இருபது வயதினர் ஒருவர் தலைகீழாய் நின்று புன்னகை புரிந்தார். யாமும் சுவரருகே சிரசாசனம் பயின்றோம். உண்மையைச் சொல்லின், முதுகு நோவு மறந்துபோயிற்று. பள்ளி விழாவிற் செய்துகாட்டி மாணவர் கைதட்டக் கேட்கவேண்டுமென்ற ஆசையே மிஞ்சியது. மூன்று வாரங்களில் முதுகு நோவோடு கழுத்து நோவும் வந்து சேர்ந்தது. வலக்கை விரல்கள் மரத்துப்போயின. சுண்ணக்கட்டி பிடிக்க இயலாமல் இரண்டு திங்கள் விடுப்பெடுக்க நேர்ந்தது. மருத்துவர் பரிசோதித்தபொழுதுதான் எமக்கு இரத்த அழுத்தமும் மிகுந்திருந்தமை தெரியவந்தது. "இவ்வழுத்தத்தோடு தலைகீழாக நின்றீரோ!" என்று அவர் வியந்தது இன்னும் எம் காதில் ஒலிக்கின்றது.

இஃது எம் அறியாமையால் யாமே தேடிக்கொண்ட துன்பம். இதனினும் எம் மனத்தை வருத்தியது பிறிதொன்று. எம் அன்னையார்க்கு அகவை அறுபத்தெட்டு. முழங்கால் நோவால் தரையில் அமர இயலாதவர். அவர் தம் தங்கையோடு ஒரு நகரத்துப் பயிற்சிக்கூடத்திற்குச் சென்றிருந்தார். அங்கிருந்தவர், "கீழே உட்கார முடியாதா? அப்படியானால் உங்களுக்கு இஃது ஆகாதம்மா" என்று கூறி வாயிலிலேயே அனுப்பிவிட்டனர். வீடு திரும்பிய அன்னையார், "எனக்கு இதெல்லாம் எதற்கப்பா? வயதாகிவிட்டது" என்று மட்டும் சொல்லி அடுக்களைக்குட் சென்றார். அன்றுமுதல் மாலை நடைக்குச் செல்வதையும் நிறுத்திவிட்டார். ஒரு சொல் ஒருவரைக் கிழவியாக்கிவிட்டது!

நிற்க. தரையில் அமர இயலாதார்க்கு யோகமில்லையென்று நம் முன்னோர் கூறினரோ என ஆராய்வாம்.

திருமூலர் அருளிய திருமந்திரம் ஒன்பது தந்திரங்களையுடையது. அவற்றுள் மூன்றாந் தந்திரம் இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டுறுப்புக்களையும் விளக்குகின்றது. ஈண்டு இரண்டு செய்திகள் நோக்கற்பாலன. ஒன்று, ஆசனம் மூன்றாவதாக வைக்கப்பெற்றமை. கொல்லாமை, பொய்யாமை, களவின்மை முதலிய ஒழுக்கங்கள் அதற்கு முன்னே நிற்கின்றன. தியானம் முதலியன பின்னே நிற்கின்றன. ஆதலின், ஆசனத்தையே யோகமென்று கருதுவது வாயிற்படியையே வீடென்று கருதுவதனை ஒக்கும். மற்றொன்று, ஆசனங்கள் நூற்றுக்கு மேற்பட்டனவென்று கூறும் திருமூலர், சிறந்தனவாக ஏழினை எடுத்தெண்ணுமிடத்து, பங்கயம், வீரம் முதலியவற்றோடு சுகாதனத்தையும் சேர்த்தே எண்ணுகின்றார். சுகாதனமாவது சுகமாக அமரும் இருக்கை. அதனை அவர் சிறியதென்று ஒதுக்கினாரல்லர்.

பதஞ்சலி முனிவரும் ஆசனத்திற்கு இலக்கணங் கூறுமிடத்து, உறுதியும் சுகமும் ஆகிய இரண்டையுமே கூறினார். காலை இன்னவாறு மடக்குக, தலையை இன்னவாறு ஊன்றுக என்று அவர் விதித்தாரில்லை. ஆயின், நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, உறுதியோடும் சுகத்தோடும் மூச்சை நோக்கும் மூதாட்டி யோகத்திற்குப் புறம்பானவர் ஆவரோ? ஆகார் என்பதே எம் துணிபு.

இனி, நம்மூர்க்கு அணித்தேயுள்ள சித்தன்னவாசலைக் கருதுவோம். அக்குன்றின்மேல் ஏழடிப்பட்டம் என்னும் குகையில் வழவழப்பாக இழைத்த 17 கற்படுக்கைகள் உள்ளன. சமண முனிவர்கள் அவற்றிற் கிடந்து உணவு துறந்து கடுந்தவம் இயற்றினர். கீழே அறிவர் கோயிலுள் தியானத்தில் அமர்ந்த தீர்த்தங்கரர் திருவுருவைக் காண்கின்றோம். அத்துறவியர் கொண்ட முறை வீடுபேற்றையே நாடினார்க்கு உரியது. நாமோ காலையில் மாடு கறந்து, கடை திறந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் இல்லறத்தார். அவர்தம் தவத்தை வணங்குவோம். அவர் படுக்கையில் நாம் படுக்கவேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் இல்லறத்தார்க்குரிய முறை யாது? அதுவும் ஒன்றன்று, பல என்பதற்கு, அண்மைக் காலத்து வாழ்ந்த ஓர் ஆசிரியர் வரலாறே சான்றாகும். அவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். கன்னட நாட்டிற் சித்திரதுர்க்கப் பகுதியில் 1888-ஆம் ஆண்டு பிறந்தார். மைசூர் அரசர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் அரண்மனையைச் சார்ந்த யோகசாலையில் 1930-களிற் கற்பிக்கத் தொடங்கினார். அச்சாலை 1950-இல் மூடப்பெற்றபின் சென்னைக்கு வந்து, 1989-இல் நூறாண்டு நிரம்பிய பின்னர் மறைந்தார். உலகெங்கும் இன்று வெவ்வேறு பெயரால் வழங்கும் முறைகள் பல இவ்வொருவர் மாணவரிடமிருந்தே கிளைத்தன.

அம்மாணவருட் பட்டாபி ஜோயிஸ் (1915–2009) ஒருவர். ஆசனங்களை ஓர் ஒழுங்கிற் கோத்து, மூச்சோடு இணைத்து, இடையறாது விரைந்து செய்யும் முறையை அவர் மைசூரில் வளர்த்தார். வலிமையுடைய இளைஞர்க்கு அது பெரிதும் பொருந்துவது.

மற்றொருவர் பி. கே. எஸ். ஐயங்கார் (1918–2014). இவர் கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனர். இளமையில் காசநோய், குடற்காய்ச்சல், மலேரியா முதலியவற்றால் நலிந்து, 1934-இல் மெலிந்த சிறுவராய் மைசூர் சேர்ந்தவர். நோயின் கொடுமையைத் தம் உடம்பிலேயே உணர்ந்தவராதலின், ஒவ்வோர் ஆசனத்திலும் எலும்பும் தசையும் நிற்கவேண்டிய நிலையை நுணுகி ஆராய்ந்தார். உடல் எட்டாதவிடத்து வார், மரக்கட்டை, கயிறு, நாற்காலி ஆகியவற்றைத் துணைக்கொள்ளும் வழியையும் வகுத்தார். நாற்காலி யோகத்திற்கு இழுக்கன்று என்பதை இவ்வாசிரியரே உலகறியச் செய்தார் எனலாம்.

மூன்றாமவர் ஓர் அயல்நாட்டு மாது. இந்திரா தேவி என்பது அவர் கொண்ட பெயர். இரீகா நகரில் 1899-இல் பிறந்தவர். மைசூரில் முதலில் மறுக்கப்பெற்று, அரசர் தலையிட்டபின் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பின்னர் அமெரிக்காவின் ஆலிவுட் நகரிற் பள்ளி தொடங்கி, மென்மையான முறையைக் கற்பித்தார். 102 ஆண்டு வாழ்ந்து 2002-இல் மறைந்தார். வாயிலில் மறுக்கப்பெற்றவரே வையகத்திற்கு ஆசிரியரானமை காண்க!

நான்காமவர் ஆசிரியரின் மைந்தர் தேசிகாச்சார் (1938–2016). பொறியியல் கற்ற இவர் தந்தையிடம் பயின்று, 1976-இற் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தை நிறுவினார். முறைக்காக மனிதனை வளைத்தலாகாது, மனிதனுக்கேற்ப முறையை அமைத்தல் வேண்டும் என்பதே அவர் தந்தையிடம் கற்ற தலையாய பாடம். ஒருவரை நோக்கி, அவர் அகவை, தொழில், நோய், உள்ளக்கிடக்கை ஆகியவற்றை வினவி, அவர்க்கெனவே பயிற்சி வகுத்தல் அவர் வழி.

விதை ஒன்று, கிளைகள் நான்கு. இவற்றுள் எது உயர்ந்தது என்று வினவுதல், வெண்பா உயர்ந்ததோ ஆசிரியப்பா உயர்ந்ததோ என்று வினவுவதனை ஒக்கும். பொருளுக்கேற்ற பாவே சிறந்த பா.

தமிழ்நாட்டார் வகுத்த முறைகளும் இதனையே உணர்த்துகின்றன. பத்தமடையில் 1887-இல் பிறந்து, மலேயாவில் மருத்துவத் தொண்டாற்றி, பின்பு இருடிகேசத்திற் றுறவு பூண்ட சிவானந்தர், ஆசனத்தோடு தொண்டு, பத்தி, தியானம் ஆகியவற்றையும் ஒருங்கே போற்றினார். உள்ளம் இறைபாற் செல்வார்க்கு அவ்வழி உகந்தது. கூடுவாஞ்சேரியில் 1911-இல் நெசவாளர் குடியிற் பிறந்த வேதாத்திரி மகரிஷியோ, உழைத்துக் களைத்த மக்களும் எளிதிற் பயிலத்தக்க கைப்பயிற்சி, காற்பயிற்சி, கண்பயிற்சி, மூச்சுப்பயிற்சி முதலியவற்றை வகுத்தார். மனவளக்கலை மன்றங்கள் அவற்றைத் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் கற்பித்து வருகின்றன.

இனி, நமக்கேற்ற முறையைத் தேர்தல் எங்ஙனம் என்பதைச் சுருங்கக் கூறுவாம்.

முதலாவது, நம் உடம்பை அறிதல் வேண்டும். இரத்த அழுத்தம் மிக்கார், கண்ணழுத்த நோயுடையார், கழுத்தெலும்பு தேய்ந்தார் ஆகியோர் தலைகீழ் நிற்றலைத் தவிர்க்கவேண்டும். கருவுற்ற மகளிர் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும். பிராணாயாமத்திலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். திருமூலர் உள்வாங்கலுக்குப் பதினாறும், நிறுத்தலுக்கு அறுபத்துநான்கும், வெளிவிடலுக்கு முப்பத்திரண்டும் என மாத்திரை வகுத்தனர். அது நெடுநாட் பயின்றார்க்குரிய அளவு. புதியவரும் இருதய நோயினரும் மூச்சை அடக்காது மெல்ல வாங்கி மெல்ல விடுதலே போதும். மருந்துண்பார் யோகத்தை நம்பி மருந்தை நிறுத்தலாகாது.

இரண்டாவது, யாது வேண்டி வந்தோம் என்பதைத் தெளிதல் வேண்டும். வலிமை வேண்டும் இளைஞனுக்கு ஒரு முறை. நோவு நீங்க விரும்பும் நடுவயதினர்க்கு ஒரு முறை. உறக்கமும் அமைதியும் நாடும் முதியோர்க்கு ஒரு முறை. எமக்கு வேண்டியது நோவு நீக்கம். யாம் தேடியதோ கைதட்டல்.

மூன்றாவது, ஆசிரியரை ஆராய்தல் வேண்டும். கற்பிக்குமுன் நம் நோயை வினவுபவர் நல்லாசிரியர். வினவாமல் முதுகின்மேற் கைவைத்து அழுத்துபவரிடமிருந்து விலகுக.

நான்காவது, மூச்சையே உரைகல்லாகக் கொள்ளல் வேண்டும். ஓர் ஆசனத்தில் மூச்சு திணறுமாயின், அஃது இன்று நமக்குரியதன்று. பயிற்சி முடிந்தபின் உடம்பு இலேசாகி, மறுநாள் விடியலில் மீண்டும் செய்ய மனம் விழையுமாயின், அதுவே நமக்கேற்ற முறை. ஒரு திங்களேனும் பயின்று பாராமல் முறைக்கு முறை தாவுதலும் பயனற்றதே.

யாம் இங்ஙனமே தேர்ந்தோம். கழுத்து நோவு தீர்ந்தபின் மருத்துவர் இசைவோடு ஓர் ஆசிரியரை அடைந்தோம். அவர் எமக்குக் கொடுத்தவை ஆறே ஆசனங்கள். நேரம் இருபத்தைந்து நிமிடம். முதலில் எமக்குச் சிறிது நாணமாகவே இருந்தது. நான்கு திங்களில் முதுகு நோவு பெரிதும் தணிந்தது. விடைத்தாள்களை இப்பொழுது நிமிர்ந்திருந்தே திருத்துகின்றோம். எம் அன்னையார்க்கும் அவ்வாசிரியரே நாற்காலியில் அமர்ந்து செய்யும் பயிற்சியைக் கற்பித்தார். அன்னையார் இன்று மாலைதோறும் கோயில்வரை நடந்துசென்று வருகின்றார்.

ஆதலின், செயற்குழுவினர்க்கு எம் விண்ணப்பம் இதுவே. வகுப்பை மூன்றாகப் பகுக்க. விடியலில் இளைஞர்க்குச் சூரிய நமஸ்காரம் முதலியன. சற்றுப் பின்னர் மகளிர்க்கும் நடுவயதினர்க்கும் மெல்லிய பயிற்சி. மாலையில் முதியோர்க்கு நாற்காலிப் பயிற்சி. செலவுக்கு அஞ்சவேண்டுவதில்லை. திருமணங்களுக்கென வாங்கிய நாற்காலிகள் நம் கட்டடத்துப் பின்னறையில் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றுட் கால் ஆடாதன இருபதைப் பொறுக்கியெடுத்தாற் போதும். சேர்பவரிடம் நோய்விவரங் கேட்டெழுத ஒரு குறிப்பேடும் வைக்க. அதனை எழுதும் பணியை யாமே ஏற்கின்றோம்.

யாம் பள்ளியிற் கண்ட உண்மை ஒன்றைக் கூறி முடிப்பாம். வகுப்பில் நாற்பது பிள்ளைகட்கும் பாடம் ஒன்றே. ஆயினும் இடக்கையால் எழுதும் பிள்ளையின் கையை முறுக்கி வலக்கைக்கு மாற்றும் ஆசிரியர் அப்பிள்ளைக்கு எழுத்தின்மேல் வெறுப்பையே கற்பிக்கின்றார். யோகமும் அத்தகையதே.

எம் அன்னையார் இதோ பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். சங்கத்து வகுப்பிற்குத் தாமும் வருவதாகக் கூறியுள்ளார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்துள்ளார். "வாசலில் நின்று, உன்னால் முடியாது என்று யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது" என்பதே அது. அந்நிபந்தனையைச் சங்கம் ஏற்றருளுமென நம்புகின்றோம்.

நோயற்ற வாழ்வை இறைவன் நம்மனைவர்க்கும் அருள்வானாக.